சினைப்பைப் புற்றுநோய்க்குப் பின் தொடர் கண்காணிப்பு: ஒரு சேவையைப் பற்றிய மதிப்பீடு

சினைப்பைப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்த பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை தனியாக நடத்தும் தொடர் கண்காணிப்புப் பிரிவுக்கு நான் சில ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் மீண்டும் வருகிறது என்பதால், இத்தகைய ஒரு பிரிவை அங்குள்ள கருவிகளை மட்டும் வைத்து எடைபோட முடியாது. ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் நடுவே உள்ள நாட்களை ஒரு பெண் எப்படிக் கழிக்கிறாள் என்பதில் அந்தப் பிரிவுக்கு எவ்வளவு அக்கறை இருக்கிறது என்பதே என் அளவுகோல். அந்த வகையில் இந்தச் சேவை, ஒரு பெருங்குறை நீங்கலாக, மிகவும் நன்றாக இருக்கிறது.

முதல் 2 ஆண்டுகளுக்கு 2 முதல் 4 மாதங்களுக்கு ஒருமுறை, அடுத்த 3 ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என்ற, பரவலாகப் பின்பற்றப்படும் முறையையே இங்கும் கடைப்பிடிக்கிறார்கள். உடல்நிலையை விரிவாக விசாரித்து, வயிற்றையும் இடுப்புப் பகுதியையும் பரிசோதிக்கிறார்கள். அறிகுறியோ வேறு காரணமோ இருந்தால்தான் சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் எடுக்காதது தொடக்கத்தில் புறக்கணிப்பைப் போலத் தோன்றக்கூடும். அதற்கான காரணத்தை நாம் கேட்பதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிடுவது நல்ல வழக்கம்.

இந்தச் சேவையின் தனிச்சிறப்பு, சினைப்பைக் கட்டிகள் பலவும் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் சிஏ-125 என்னும் ரத்தப் பரிசோதனையை அவர்கள் கையாளும் விதம். ஒரு மில்லிலிட்டருக்கு 35 யூனிட் என்பது வழக்கமான மேல் வரம்பு. ஆனால் கல்லீரல் நோய், வயிற்று உறையில் அழற்சி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல் போன்றவற்றாலும் இந்த எண் உயரலாம். சிலருடைய கட்டியோ இந்தப் புரதத்தை அதிகம் சுரப்பதே இல்லை. வரம்புக்கு உட்பட்ட சிறு ஏற்ற இறக்கத்தை வைத்து எந்த முடிவுக்கும் வருவதில்லை என்றும், தொடர்ந்து ஏறுகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம் என்றும் செவிலியர் பழைய எண்களை வரிசையாகக் காட்டி விளக்குகிறார். அதைவிட முக்கியமாக, இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று நம்மிடமே கேட்கிறார்கள். 2010இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வில், எண் உயர்ந்தவுடனே மறுபடி கீமோ தொடங்கிய பெண்கள், அறிகுறி தோன்றும்வரை காத்திருந்தவர்களைவிட ஏறத்தாழ 5 மாதங்கள் முன்னதாகவே சிகிச்சைக்குள் வந்தும், கூடுதல் காலம் வாழவில்லை. அவர்களுடைய வாழ்க்கைத் தரமும் சீக்கிரமே குறைந்தது. இதைச் சொல்லும் மருத்துவர், நோய் திரும்புவதைத் தள்ளிப்போட உதவும் ஓலாபாரிப் போன்ற மாத்திரைகள் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய ஆய்வு அது என்பதையும், முதல் முறை நோய் திரும்பியபோது கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களுக்கு அறுவை சிகிச்சை ஆயுளை நீட்டித்ததாக 2021இல் வெளியான டெஸ்க்டாப் 3 ஆய்வு காட்டியதையும் சேர்த்தே சொல்கிறார். நான் பரிசோதனை வேண்டும் என்றேன். வேண்டாம் என்று சொன்ன பெண்களும் அதே மரியாதையோடு நடத்தப்படுகிறார்கள்.

பயத்தைப் பற்றிய கேள்வியும் ஒவ்வொரு சந்திப்பிலும் ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல இயல்பாக வருகிறது: தூக்கம் எப்படி இருக்கிறது, நோய் திரும்பிவிடுமோ என்ற எண்ணம் அன்றாட வேலைகளைத் தடுக்கிறதா, வயிற்றை அடிக்கடி அழுத்திப் பார்க்கிறீர்களா? பயப்படாதீர்கள் என்று ஒருமுறைகூட யாரும் சொன்னதில்லை. அதற்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், வயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் ஆகியவை புதிதாகத் தோன்றி நீடித்தால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் அழைக்கும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணமான ஒரு வயிற்று வலி வரும்போது, எதுவரை பொறுக்கலாம், எப்போது அழைக்க வேண்டும் என்ற தெளிவு அந்தத் தாளால் கிடைக்கிறது. பயம் மிகுந்தவர்களை உளவியல் ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். கவலையை விரட்ட முயலாமல், அது எழும்போது கவனத்தை வேறிடத்துக்கு மாற்றப் பழகும் பயிற்சியை அவர் கற்றுத் தருகிறார். இவ்வகைப் பயிற்சி அடங்கிய சிகிச்சை வெறும் தளர்வுப் பயிற்சியைவிடப் பயத்தை அதிகம் குறைப்பதாக ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் மார்பகம், பெருங்குடல், தோல் புற்றுநோய்களிலிருந்து மீண்டவர்கள். எனக்கு அந்தப் பயிற்சி உதவியது; ஆலோசகரைப் பார்க்க நெடுநாள் காத்திருக்க வேண்டியிருப்பது வருத்தமே.

பெருங்குறை என்று நான் சொன்னது, பரிசோதனை முடிவு வந்து சேரும் முறை. ஆய்வகம் ஒப்புதல் அளித்ததும் எண் நேராகக் கைபேசிச் செயலிக்கு வந்துவிடுகிறது. விளக்கம் சொல்ல யாரும் இல்லாத இரவு நேரத்திலும் வருகிறது. நேரில் அத்தனை பொறுமையாக விளக்கும் ஒரு பிரிவு, மிக அச்சமூட்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் நம்மைத் தனியே விட்டுவிடுகிறது. முடிவை உடனே பார்க்கும் உரிமை நோயாளிக்கு இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் உடனே பார்ப்பதா, செவிலியரின் அழைப்புக்குப் பின் பார்ப்பதா என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் வசதி கட்டாயம் வேண்டும். இதை எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன்; இன்னும் மாற்றம் வரவில்லை.

இத்தகைய சேவையில் சேரவிருப்பவர்கள் முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: முடிவை யார், எப்போது, எந்த வழியில் தெரிவிப்பார்கள், இடையில் அறிகுறி வந்தால் அழைக்க வேண்டிய எண் எது, 5 ஆண்டுகள் முடிந்து சந்திப்புகள் குறைந்த பிறகும் அதே எண்ணில் பதில் கிடைக்குமா.