ஏழு குளிர்காலம், ஒரு விறகடுப்பு

ஜோகன்னஸ்பர்க்கில் குளிர் வாட்டும் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே! 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், ஏற்காட்டைவிட உயரம். ஜூன், ஜூலை விடியற்காலையில் பூஜ்யத்தைத் தொடும். 2023 ஜூலை 10 அன்று பனியே விழுந்தது. குளிரைவிட வீடுகள்தான் மோசம். பல வீடுகளில் சீலிங்குக்கு மேலே குளிரைத் தடுக்க ஏதுமில்லை, வெறும் கூரை. வாசலில் வெயில் காய்ந்துவிட்டு உள்ளே வந்து ஸ்வெட்டர் போடுவோம்.

2019 மே மாதம் கூடத்தைச் சூடாக்கக் கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்தினோம். 8 கிலோவாட். அடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கதவு இடுக்கை அடைக்கும் கயிற்றை ஒருமுறை மாற்றினேன், அவ்வளவே. 2022, 23-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தெருவே இருட்டாகக் கிடக்க, எங்கள் கூடத்தில் மட்டும் 20 டிகிரி.

பாடம் கற்பித்தது விறகுதான்.

முதல் வருஷம் ஜூன் பிறந்தபிறகு அவசரமாக ஒரு பக்கி (சின்ன சரக்கு வண்டி) லோடு விறகு வாங்கினேன். காய்ந்த கட்டை என்று சத்தியம் செய்தார்கள். பற்றவைத்தால் கட்டையின் முனையில் நுரை தள்ளி, உஸ்ஸென்று தண்ணீர் கொதிக்கிறது. கண்ணாடி ஒரே ராத்திரியில் கரி. ஆகஸ்டில் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் உள்ளே பளபளவென்று படிந்திருந்த தாரைச் சுரண்டிக் காட்டினார். அது தீப்பிடித்தால் கூரைக்கே ஆபத்து. ராத்திரி முழுக்க எரியட்டும் என்று காற்றை இறுக்கி மூடியதும் என் தப்பு.

பக்கத்து வீட்டுத் தாத்தா நாலாம் தலைமுறைத் தமிழர். நெருப்பு, சாம்பல் தெரியும். அதெல்லாம் கோயிலில் புழங்கும் சொற்கள். விறகு என்ற சொல் அவரிடம் இல்லை. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். தொம் என்றது, ஈரக் கட்டை. தன் வீட்டுக் கட்டையைத் தட்டினார். டங் என்றது, காய்ந்த கட்டை. பிறகு ஈரமானி வாங்கினேன், கட்டையின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனாலும் இன்றைக்கும் தட்டித்தான் பார்க்கிறேன்.

இங்கே மழை கோடையில். குளிர்காலம் வறண்டு கிடக்கும். அதனால் ஒரு குளிர் முடியும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அடுத்த குளிருக்கு வாங்கிவிடுகிறேன். விலையும் படிந்து வரும். பிளந்து, பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். தரையில் அடுக்கி ஒருமுறை கரையானுக்குத் தானம் செய்தேன். தகரம் மேலே மட்டும் போதும், பக்கங்களில் காற்று ஓட வேண்டும். தார்ப்பாயால் போர்த்தினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

எந்த விறகு? நான் வாங்குவது பெரும்பாலும் வாட்டில், நம் நீலகிரியில் சீகை என்கிறார்களே அது. ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டைக்காகக் கொண்டுவந்து, ஊரெல்லாம் பரவித் தண்ணீரைக் குடிக்கும் மரம். வெட்டி எரிப்பதில் மனசாட்சி உறுத்தாது. சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். ராத்திரிக்கு செகல்பாஸ் என்ற முள்மரம். முதல்முறை அந்த முள்ளைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் விருதுநகர்ப் பக்கம் அப்பத்தா எரித்த விடத்தலை! கை நோகும் கனம். கங்கு விடியும்வரை கிடக்கும். யூகலிப்டஸ் கட்டை மலிவு. ஆனால் நன்றாகக் காயாவிட்டால் தொல்லை.

பெரிய கட்டையைக் கீழே வைத்து, சுள்ளியை உச்சியில் பற்றவைப்பேன். புகை குறைவு. ராத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ செலவாகும், சீசனுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேலே. கண்ணாடி துடைக்க ஈரச் செய்தித்தாளில் சாம்பலைத் தொட்டால் போதும், கடையில் விற்கும் திரவம் வீண். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் மாட்டுங்கள். தகர டப்பாவில் கரி மூட்டும் இம்பாவுலாவை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர்விடும் செய்தி இங்கே குளிர்காலத்தில் வந்துகொண்டே இருக்கும்.

குறை? தூசி. தினமும் துடைத்தாலும் சாமி படத்தின்மேல் சாம்பல். மனைவி விபூதி என்று விட்டுவிட்டாள். படுக்கையறைக்குச் சூடு எட்டுவதில்லை. அங்கே இன்னும் மின்கம்பளம்தான்.

வெளியே வைத்த இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் உறைபனியில் கருகின. மூன்றாவதை அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி, வடக்கு வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தேன். மூன்று குளிர் தாண்டிவிட்டது, போன வாரம் துளிர் விட்டிருக்கிறது.