பார்க்காம சேர்ந்துபோன படமும் சீரிஸும்: ரொம்ப நாளா குறைச்சுட்டு வர்ற அனுபவம்

புதுசா எதையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஏற்கனவே சேர்த்து வச்சதை முடிப்போம்னு உட்கார்ந்து சில வருஷம் ஆச்சு. லிஸ்ட்டு இன்னும் காலியாகல, ஆகவும் ஆகாதுன்னு நினைக்கறேன், ஆனா பாதிக்கும் கீழ வந்துடுச்சு. எந்த ஐடியா நின்னுச்சு, எது கொஞ்ச நாள்லயே புஸ்ஸுன்னு போச்சுன்னு இப்ப தைரியமா சொல்லலாம். இந்த மாதிரி டிப்ஸ் குடுக்கறவங்க முக்காவாசிப் பேரு முதல் மாச ஜோர்ல பேசறாங்க, அது ஓடுற வரைக்கும்தான் அந்த டிப்ஸும் ஓடும்.

முதல்ல கணக்கு. 300 படம் பாக்கி இருக்குன்னு வச்சுக்கோங்க, ஒண்ணு ரெண்டு மணி நேரம்னா மொத்தம் 600 மணி நேரம். வாரத்துக்கு ரெண்டு பார்த்தா வருஷத்துக்கு 104, ஆக கிட்டத்தட்ட மூணு வருஷம், அதுவும் நடுவுல ஒரு படம் கூட புதுசா சேர்க்காம இருந்தா. சீரிஸ் இதுக்கும் மேல. பிரேக்கிங் பேட் மொத்தம் 62 எபிசோடு, முக்கா மணி நேரம்னு கம்மியா போட்டாலே 46 மணி நேரம் தாண்டுது, அந்த நேரத்துல 23 படம் பார்த்துடலாம். பழைய அமெரிக்க டிவி சீரிஸ்னா ஒரு சீசனுக்கே 22 எபிசோடு வரும், விளம்பரம் போக 42 நிமிஷம், ஒரு சீசனே 15 மணி நேரம். லிஸ்ட்டுல படமும் சரி சீரிஸும் சரி ஒரே ஒரு வரிதான், அதனால எத்தனை பாக்கின்னு எண்ணுறதுல அர்த்தமே இல்ல, எத்தனை மணி நேரம் பாக்கின்னு பாருங்க.

ஒவ்வொரு ஓடிடிலயும் ஒரு லிஸ்ட்டு, போன் நோட்ஸ்ல ஒண்ணு, வாட்ஸ்அப்ல நமக்கு நாமே அனுப்பிக்கிட்டது ஒண்ணுன்னு சிதறிக் கிடந்தா எதுவும் நகராது. படத்துக்கு லெட்டர்பாக்ஸ்ட், சீரிஸுக்கு ட்ராக்ட், எது எங்க ஓடுதுன்னு பார்க்க ஜஸ்ட்வாட்ச், இந்த மூணு ஆப்பும் போதும். லெட்டர்பாக்ஸ்ட்ல எனக்கு ரொம்ப உதவுனது வாட்ச்லிஸ்ட்டை நீளத்தை வச்சு வரிசைப்படுத்தற வசதிதான். வேலை முடிஞ்சு சோர்ந்து போயிருக்கற ராத்திரிக்கு 90 நிமிஷத்துக்குள்ள முடியற படம் எது எதுன்னு மேல வந்து நிக்கும், பாதி நாள் அதுலயே கதை முடிஞ்சுடும்.

ஆனா உண்மையா ஆட்டத்தை மாத்துனது என்னன்னா, என்ன படம்னு பகல்லயே முடிவு பண்ணிடறது. ராத்திரி சோஃபால உட்கார்ந்து ரிமோட்டை கையில எடுத்தப்புறம் தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சா அவ்ளோதான், போஸ்டர் மேல போஸ்டரா தள்ளிக்கிட்டே போறது, ரெண்டு ட்ரெய்லர், நடுவுல போன்ல ரேட்டிங் பார்க்கறது, அப்புறம் மணி பத்தாயிடுச்சு இனிமே எங்க படம் பார்க்கன்னு ஏற்கனவே பத்து தடவை பார்த்த காமெடி எபிசோடுலயே போய் விழறது. மதியமே "இன்னைக்கு இது"ன்னு வீட்ல சொல்லி வச்சுட்டா இந்தப் பேச்சே இல்ல. ரெண்டு பேர் சேர்ந்து பார்க்கறதுக்குன்னு தனி லிஸ்ட்டும் வேணும், இல்லன்னா ஒருத்தர் மத்தவருக்காகக் காத்திருந்தே நல்ல படமெல்லாம் ஊறுகாயாயிடும்.

அடுத்தது நான் எதிர்பார்க்காத விஷயம். சீக்கிரம் போகப்போறது முதல்ல பார்க்கப்படுது, நம்மகிட்டயே இருக்கறது பார்க்கப்படாமலே இருக்கு. ஓடிடிக்காரங்க சொந்தமா எடுக்காம மத்தவங்ககிட்ட வாங்கிப் போடற படங்களுக்கெல்லாம் பொதுவா குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமை, அது முடிஞ்சா தூக்கிடுவாங்க. "இன்னும் சில நாள்தான்"னு அறிவிப்பு வந்தா அன்னைக்கே உட்கார்ந்துடறேன். ஆன்லைன்ல வாடகைக்கு எடுக்கற படமும் அப்படித்தான், பொதுவா எடுத்ததுல இருந்து 30 நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், ப்ளே அமுக்கிட்டா 48 மணி நேரத்துல முடிக்கணும். எல்லாரும் இதைத் தொல்லைன்னு திட்டுவாங்க, என்னைக் கேட்டா பாக்கி தீர்க்கறவனுக்கு இதை விட நல்ல வசதி கிடையாது. அதே சமயம் ஆசையா காசு போட்டு வாங்குன ப்ளூ ரே பாக்ஸ் செட்டு, மேல சுத்தியிருக்கற பிளாஸ்டிக் கவர் கூட கிழிக்காம, அட்டையோட முதுகு மட்டும் வெயில்ல வெளுத்துப்போய் அலமாரில நிக்குது. எங்க போயிடப்போகுதுன்னு ஒரு நினைப்பு. ஹார்ட் டிஸ்க்ல இருக்கறதுக்கும் இதே கதிதான், இன்னொண்ணு ஹார்ட் டிஸ்க்கு எந்நாளும் உயிரோட இருக்கும்னு நம்பவும் கூடாது.

பிடிக்கலன்னா நிறுத்திடுங்க, படத்துக்கு அரை மணி நேரம், சீரிஸுக்கு மூணு எபிசோடு, இதான் என் அளவு. முதல் எபிசோடை வச்சு மட்டும் முடிவு பண்றது அநியாயம், அறிமுகத்துக்கே அது சரியாப் போயிடும். நிறுத்துனா லிஸ்ட்டுல இருந்தும் உடனே எடுத்துடணும், அப்புறம் பார்க்கலாம்னு விட்டதெல்லாம் பாதியில சிவப்புக் கோட்டோட "தொடர்ந்து பார்க்க" வரிசைல நின்னு முறைச்சுக்கிட்டே இருக்கும். இதுல ஒரு வேடிக்கை, முழுசா பார்த்து முடிச்ச படம் கூட கடைசில பேரு ஓடறப்ப அணைச்சுட்டா ரெண்டு நிமிஷம் பாக்கின்னு அங்கயே உட்கார்ந்துக்கும். நெட்ஃபிளிக்ஸ்ல வரிசைல இருந்து நீக்கறதுக்கு ஆப்ஷன் இருக்கு, தானா அடுத்த எபிசோடு ஓடறதையும் ப்ரொஃபைல் செட்டிங்ஸ்ல போய் அணைக்கலாம், 2020ல இருந்து ட்ரெய்லர் தானா ஓடறதையும் நிறுத்தலாம். மூணையும் பண்ணிட்டேன், வீடே அமைதியாயிடுச்சு.

சீரிஸ்ல ஒரே நேரத்துல ஒரு கனமானது, ஒரு லேசானது, அதுக்கு மேல கிடையாது. ரெண்டு க்ரைம் சீரிஸ் சேர்த்துப் பார்த்தா எந்தப் போலீஸ்காரர் எந்தக் கதைன்னு குழம்பிடும்.

டிவி செட்டிங்ஸ் பத்தி சுருக்கமா. படமெல்லாம் பெரும்பாலும் நொடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்தது, டிவி நடுவுல தானா ஃப்ரேம் சேர்த்து வழவழன்னு ஆக்கிடும், எவ்ளோ பெரிய படமா இருந்தாலும் சீரியல் மாதிரி தெரியும். இந்த வேலையைப் பண்ற மோஷன் ஸ்மூத்திங்கை அணைங்க, இல்ல படத்தை எடுத்த மாதிரியே காட்டற ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தா போடுங்க, 2019ல அறிவிச்சாங்க, இப்ப நிறைய டிவில வருது. பேச்சு சரியா கேக்கலன்னா ஆடியோல 5.1ஐ (சுத்தி ஆறு ஸ்பீக்கர் வைக்கறதுக்கான ஒலி) விட்டுட்டு ஸ்டீரியோவுக்கு மாத்திப் பாருங்க, டிவி ஸ்பீக்கருக்கு அதுதான் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

நிலைக்காம போன ஐடியா ரெண்டு. 1.5 மடங்கு வேகத்துல பார்க்கறது, நேரம் மிச்சமாகுது நிஜம்தான் ஆனா காமெடில அந்த ஒரு நொடி மௌனம் போயிடுச்சுன்னா சிரிப்பே வராது, த்ரில்லர்ல பயமே வராது, பாக்கி மட்டும் குறையும். இன்னொண்ணு திங்கக்கிழமை உலக சினிமா, வெள்ளிக்கிழமை ஆக்‌ஷன்னு அட்டவணை போடறது, ஸ்கூல் டைம்டேபிளுக்கு இருந்த அதே வெறுப்பு இதுக்கும் வந்துடுச்சு.

இப்ப பாக்கி இருக்கறதுல பெரும்பகுதி மூணு மணி நேரத்துக்கு மேல ஓடற படங்களும் அந்த பாக்ஸ் செட்டுங்களும்தான். அதுக்கும் ஒரு கடைசித் தேதி போட்டு போன் காலண்டர்ல ஏத்தி வச்சுப் பார்க்கறேன், சில சமயம் வேலை செய்யுது, பல சமயம் இல்ல. தேதி போட்டது யாருன்னு எனக்குத் தெரியுமே.