கரியமில வாயுவைப் பிடிக்கும் முறைகள்: அனல்மின் நிலைய ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

அனல்மின் நிலையத்தில் வேதியியல் ஆய்வகம் என் வேலையிடம். புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் எந்த முறையைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "90 சதவீதம் பிடிக்கும்" என்ற வரியைத் தாண்டித்தான் நான் படிக்க ஆரம்பிப்பேன். கரைப்பான், அதாவது வாயுவை உறிஞ்சும் திரவம், எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும்? அதைச் சூடாக்க நீராவி எங்கிருந்து வரும்? என் மதிப்பெண் இந்த இரண்டுக்கும்தான்.

நிலக்கரிப் புகையில் கரியமிலம் 12 முதல் 15 சதவீதம்தான். இன்று அதிகம் பேசப்படும் கரைப்பான் அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு கரிமச் சேர்மம்) கரைசல்; அது கரியமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். 120 டிகிரி வரை சூடேற்றினால் விட்டுவிடும். செலவெல்லாம் அந்தச் சூட்டில்தான்.

கனடாவில் பவுண்டரி டாம் நிலக்கரி மின் நிலையத்தின் 3-ஆம் அலகு 2014 அக்டோபரில் இதைப் பெரிய அளவில் முதலில் செய்துகாட்டியது. நீராவியை டர்பைனிலிருந்தே எடுப்பதால், 160 மெகாவாட் அலகிலிருந்து வெளியே போவது 110, 115 மெகாவாட்தான். ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்க வேண்டியது. மொத்தமாக 50 லட்சம் டன்னைத் தொடவே 2023 ஆகிவிட்டது. சாம்பல் துகள் உள்ளே புகுந்து படிந்தது, அமீன் சிதைந்தது. இ.எஸ்.பி.யைத் (புகையிலிருந்து சாம்பலை மின்புலத்தால் பிரிக்கும் கருவி) தாண்டி வரும் சாம்பலைப் பார்த்துப் பழகிய எனக்கு இது வெறும் செய்தி அல்ல.

டெக்சாஸின் பெட்ரா நோவா ஆலைக்கு (2017) என்னிடம் கூடுதல் மதிப்பெண். மிட்சுபிஷியின் கே.எஸ்.-1 கரைப்பான், நீராவிக்குத் தனி எரிவாயு டர்பைன். அதனால் நிலக்கரி அலகின் மின்சாரம் குறையவில்லை. ஆனால் அந்த டர்பைனின் புகையை யாரும் பிடிக்கவில்லை. அது எனக்கு உறுத்துகிறது. பிடித்த வாயு, கூடுதல் எண்ணெயை வெளியே தள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனது. 2020-இல் எண்ணெய் விலை சரிந்ததும் ஆலையை நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2023 செப்டம்பரில்தான்.

காற்றுக்குப் பதில் ஆக்சிஜனில் எரிக்கும் முறையில் புகை பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் என்பதால், கரைப்பானே வேண்டாம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜனைப் பிரிக்கவே மின்சாரம் ஏராளமாகப் போகும். ஜெர்மனியின் ஸ்வார்ஸே பும்பே, ஆஸ்திரேலியாவின் காலைட் இரண்டும் 30 மெகாவாட் சோதனையோடு நின்றன. நிலக்கரியை வாயுவாக்கிப் பிரிப்பது, ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்துக்குப் பொருந்தாது. மிசிசிப்பியின் கெம்பர் ஆலை 2017-இல் அதைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

எனக்கு மிகவும் பிடித்தது, அளவில் சின்னதான தூத்துக்குடி ஏற்பாடு. நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திட்டத்தோடு 2016-இல் தொடங்கியது. பிடித்த வாயு அதே வளாகத்தில் சோடா சாம்பலாகிறது (சோடியம் கார்பனேட்). குழாய் போட்டு எங்கும் அனுப்ப வேண்டியதில்லை.

நம் நிலையங்களுக்கு என் தேர்வு அமீன்தான், ஆனால் எஃப்.ஜி.டி. (புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் அமைப்பு) இல்லாமல் வேண்டாம். கந்தக டை ஆக்சைடு அமீனோடு சேர்ந்து உப்பாகிவிட்டால், எவ்வளவு சூடாக்கினாலும் அந்த அமீன் திரும்பாது. விற்க வருகிறவர்களிடம், ஒரு டன் கரியமிலத்துக்கு எத்தனை கிலோ அமீன் வீணாகிறது என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள்; அதுவும் நம் சாம்பல் மிகுந்த நிலக்கரியில் ஓராண்டு தொடர்ந்து ஓட்டி எடுத்ததாக.