401கே ரீஃபண்ட்: முழுசா போட்டுட்டு திரும்ப வாங்குறதா, முன்னாடியே குறைக்கிறதா, இல்ல கம்பெனியை சேஃப் ஹார்பருக்கு தள்ளுறதா

அமெரிக்காவுல சின்ன கன்சல்டிங் கம்பெனில இருக்குற நம்மாளுங்க நிறைய பேருக்கு மார்ச் முதல் ரெண்டு வாரத்துல ஒரு மெயில் வரும், "டெஸ்ட் ஃபெயில் ஆயிடுச்சு, உங்க 401கே பணத்துல கொஞ்சம் திருப்பி அனுப்புறோம்"னு. 401கேன்னா சம்பளத்துல பிடிச்சு போடுற ரிட்டயர்மென்ட் சேமிப்பு. பதற வேணாம், அதுல வருஷத்துக்கு ஒருத்தர் போடக்கூடிய லிமிட்டைத் தாண்டுனது நீங்க இல்ல. 2025-க்கு 23,500 டாலர், 2026-க்கு 24,500, அதுக்குள்ளதான் போட்டிருப்பீங்க. ஃபெயில் ஆனது கம்பெனியோட ஏடிபி டெஸ்ட், அதாவது பெரிய சம்பளக்காரங்க சராசரியா எத்தனை சதவீதம் போடுறாங்க, மத்தவங்க எத்தனை போடுறாங்கன்னு பாக்குற கணக்கு.

2024 சம்பளம் 155,000 டாலரைத் தாண்டியிருந்தா 2025 டெஸ்ட்ல பொதுவா நீங்க ஹெச்சிஇ, அதாவது பெரிய சம்பளக்கார கோஷ்டி. 5%க்கு மேல பங்கு வச்சிருக்குற முதலாளியும் அந்த கோஷ்டிதான், அவர் சம்பளமே கம்மின்னாலும் சரி, அங்கயே வேலை பாக்குற அவர் மனைவி பிள்ளைங்களும் சரி. மத்தவங்க சராசரி 4%னா உங்க கோஷ்டி சராசரி 6%க்கு மேல போகக்கூடாது. ஒரு கணக்கு: சம்பளம் 200,000, போட்டது 23,500, அதாவது 11.75%. கம்பெனில நீங்க ஒருத்தர்தான் ஹெச்சிஇன்னு வைங்க, 12,000 நிக்கும், 11,500 வெளிய வந்துடும்.

இப்ப முழுசா போட்டுட்டு ரீஃபண்ட் வாங்குறதைப் பாப்போம். 11,500-ம் அதுல அந்த வருஷம் வந்த லாபமும் சேர்ந்து கைக்கு வரும் (நஷ்டம்னா அதைக் கழிச்சுக்கிட்டு), எந்த வருஷம் வருதோ அந்த வருஷ வருமானம். 24% பிராக்கெட்ல இருந்தா அசலுக்கு மட்டும் 2,760 டாலர் வரி, ஆனா இது போன வருஷமே கட்டியிருக்க வேண்டிய வரிதான், ஒரு வருஷம் தள்ளிப் போச்சு அவ்ளோதான். 10% பெனால்டி கிடையாது, ஐஆர்ஏ-வுக்கு (நீங்களே தனியா திறக்குற ரிட்டயர்மென்ட் அக்கவுன்ட்) ரோல்ஓவர் பண்ணி மாத்தவும் முடியாது. ராத்ல (வரி கட்டின பணத்தைப் போடுற வகை) போட்டிருந்தா லாபத்துக்கு மட்டும் வரி. வயசு 50 ஆயிடுச்சுன்னா இன்னும் நல்லது, கேட்ச்-அப் இடத்தை (50 ஆனவங்க கூடுதலா போடக்கூடிய தொகை) ஏற்கனவே யூஸ் பண்ணாம இருந்தா 2025 கணக்குல 7,500 அங்க நகர்ந்துடும், ரீஃபண்ட் 4,000தான்.

முன்னாடியே குறைச்சுப் போடுறேன்னு சிலர் ஜனவரிலயே 6%க்கு இறக்கிடுறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்க பிளான் போன வருஷ சராசரியை வச்சு டெஸ்ட் பண்ணாதான் அந்த 6% உங்களுக்கு முன்னாடியே தெரியும், நடப்பு வருஷ சராசரின்னா டிசம்பர் முடியுற வரைக்கும் குத்துமதிப்புதான். இன்னொரு சிக்கல், கோஷ்டில நாலு ஹெச்சிஇ இருந்து நீங்க மட்டும் குறைச்சா சராசரி இறங்கும், அந்த இடத்துல மத்த மூணு பேரோட பணம் நிக்கும், உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ரீஃபண்டை டாலர் கணக்குல யார் அதிகமா போட்டாங்களோ அவங்ககிட்ட இருந்துதான் எடுக்க ஆரம்பிப்பாங்க. அதனால ரீஃபண்டுக்கு வரி கட்ட கையில காசு இருக்கும்னா என் ஓட்டு முழுசா போடுறதுக்குத்தான். மேட்ச் (நீங்க போடுறதுக்கு ஈடா கம்பெனி போடுற பணம்) போயிடுமேன்னு ஒரு பயம் இருக்கும், மேட்ச் முதல் 6%க்கு மட்டும்னா நின்ன 12,000-மே அதுக்குப் போதும்.

ஆனா வருஷா வருஷம் இதே கூத்துன்னா சேஃப் ஹார்பர்தான் வழி. கம்பெனி எல்லாருக்கும் சம்பளத்துல 3% போடணும், இல்லன்னா முதல் 3%க்கு முழு மேட்ச், அடுத்த 2%க்கு பாதி மேட்ச். அந்தப் பணம் அன்னைக்கே தொழிலாளியோடது, வெஸ்டிங் காத்திருப்பு இல்ல, ஏடிபி டெஸ்ட்டும் இல்ல. முதலாளி தயங்குறது ஏன்னு புரியுது, 20 பேர், சராசரி சம்பளம் 70,000ன்னா 3%க்கு வருஷம் 42,000 டாலர், ரீஃபண்டுக்கு அவர் கைல இருந்து ஒண்ணும் போறதில்ல. ஆனா ரீஃபண்ட்ல அவர் பணமும்தான வெளிய வருது, ஏற்கனவே மேட்ச் குடுக்குற கம்பெனின்னா கூடுதல் செலவும் அவ்ளோ வராது. 2019 செக்யூர் சட்டத்துக்கு அப்புறம் ஃபெயில் ஆன வருஷத்துக்கே பின்னாடி போயும் சேரலாம், அடுத்த வருஷக் கடைசிக்குள்ள முடிவெடுக்கணும், ஆனா 3% பத்தாது, 4% போடணும். ஹெச்ஆர்கிட்ட இதைக் கேட்டா பாதி பேருக்கு தெரியாது, பிளானைப் பாத்துக்குற டிபிஏ கம்பெனியை நேரா கேக்கச் சொல்லுங்க.

தேதி விஷயம்: காலண்டர் வருஷ பிளான்னா மார்ச் 15-க்குள்ள ரீஃபண்ட் போகலன்னா கம்பெனி 10% எக்ஸைஸ் வரி கட்டணும் (ஆட்டோ என்ரோல்மென்ட் இருக்குற சில பிளானுக்கு 6 மாசம் டைம் உண்டு), அது உங்க தலைல விழாது. நடுவுல வேலை மாறி ரெண்டு கம்பெனிலயும் சேர்த்து 23,500-ஐத் தாண்டிட்டீங்கன்னா அது வேற கதை, அதை நீங்கதான் சொல்லி ஏப்ரல் 15-க்குள்ள எடுக்கணும், விட்டா அதே பணத்துக்கு ரெண்டு தடவை வரி.

வந்த ரீஃபண்டை செக்கிங் அக்கவுன்ட்ல தூங்க விடாதீங்க. வரிக்கு ஒதுக்கிட்டு, தகுதியான ஹெல்த் பிளான் இருந்தா ஹெச்எஸ்ஏ, அதாவது மருத்துவச் செலவுக்கான சேமிப்பு அக்கவுன்ட் (2026-ல குடும்பத்துக்கு 8,750), அப்புறம் ஐஆர்ஏ 7,500, சம்பளம் ஜாஸ்தின்னா பேக்டோர் ராத் வழியா, அதாவது சாதா ஐஆர்ஏ-வுல போட்டு ராத்துக்கு மாத்துறது.