கவர் லெட்டர்: ஒரே அச்சா, ஒவ்வொன்றும் புதிதா, இரண்டும் கலந்ததா?

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமோடு போகும் கவர் லெட்டரை எழுத மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ஒரே கடிதத்தை வைத்துக்கொண்டு நிறுவனத்தின் பெயரையும் பதவியின் பெயரையும் மட்டும் மாற்றி அனுப்புவது. இரண்டு, ஒவ்வொரு வேலைக்கும் வெற்றுப் பக்கத்தில் தொடங்கி எழுதுவது. மூன்று, அனுபவத்தைச் சொல்லும் பத்திகளை முன்கூட்டியே எழுதிச் சேமித்து, வேலைக்குத் தக்கபடி இரண்டை எடுத்து, முன்னும் பின்னும் புதிதாக எழுதிச் சேர்ப்பது. அச்சுக் கடிதம், புதுக் கடிதம், கலவைக் கடிதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். என் சாய்வு மூன்றாவதன் பக்கம். அது தோற்கும் இடங்களும் உண்டு. அவையும் கீழே வரும்.

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, எழுத்துப்பிழை கூடாது, ரெஸ்யூமை வரிக்கு வரி திருப்பிச் சொல்லக் கூடாது என்பவை மூன்றுக்கும் பொது. அளவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஆங்கிலத்தில் 250 முதல் 350 சொற்கள் என்பது வழக்கமான கணக்கு. தமிழில் எழுதினால் 200 சொல்லை ஒட்டி நிறுத்தலாம். உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே செய்தி குறைந்த சொற்களில் அடங்கிவிடும். சொல் எண்ணிக்கையை நிரப்பப் போனால் கடிதம் நீண்டுவிடும்.

அச்சுக் கடிதத்தின் குறை, அது அச்சு என்று கண்டுபிடிக்கப்படுவது அல்ல. எல்லா விளம்பரத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால், எல்லோருக்கும் பொருந்துவதை மட்டுமே அதனால் சொல்ல முடியும். 'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து செயல்படுபவர்', 'புதியவற்றைக் கற்கும் ஆர்வமுள்ளவர்' போன்ற வரிகள் பொய்யில்லை. ஆனால் அடுத்த விண்ணப்பத்திலும் அதே வரிகள் இருப்பதால், இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அவை உதவாது. ஒரே துறையில் ஒரே பதவிக்குப் பல இடங்களில் விண்ணப்பிப்பவருக்கும், கடிதம் ஏற்றாமல் அடுத்த பக்கத்துக்கே விடாத போர்ட்டல்களுக்கும் அச்சுக் கடிதம் போதும். அங்கேயும் ஐந்தாறு வரிக்குச் சுருக்கி அனுப்புவது நல்லது. சுருக்கமான பொதுக் கடிதத்தைவிட நீளமான பொதுக் கடிதம்தான் அதிகம் சலிப்பூட்டும்.

புதுக் கடிதம், தனி ஒரு கடிதமாகப் பார்த்தால், மூன்றிலும் சிறந்தது. விளம்பரத்தைப் படித்து, நிறுவனத்தைப் பற்றித் தேடி, எழுதித் திருத்த 60 முதல் 90 நிமிடம் ஆகும். இரண்டு மூன்று வேலைகளை மட்டும் குறிவைத்திருப்பவருக்கு இதுவே போதும். எண்ணிக்கை கூடும்போதுதான் சிக்கல். ஐந்தாவது கடிதத்தில் களைப்பு தெரியும். ஆதாரம் சொல்ல வேண்டிய இடத்தில் ஆர்வம் பேசத் தொடங்கும். நினைவிலிருந்து எழுதுவதால் எண்களும் மாறும். ஒரு கடிதத்தில் 12 பேர் கொண்ட குழு, இன்னொன்றில் 15 பேர், ரெஸ்யூமில் 10 பேர். நேர்காணலில் அந்த எண்ணைக் கேட்கும்போது எதைச் சொன்னோம் என்றே நினைவிருக்காது.

கலவைக் கடிதம் உருவாகும் விதம்

சேமிப்பில் ஆறு முதல் எட்டுப் பத்திகள் இருந்தால் போதும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு திறனுக்கான ஆதாரம். 35 முதல் 60 சொற்கள். நிலைமை என்ன, நீங்கள் செய்தது என்ன, அதனால் மாறியது என்ன என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'சரக்கிருப்பைத் துல்லியமாகப் பராமரிக்கும் அனுபவம் தேவை' என்று ஒரு விளம்பரம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான பத்தி இப்படி இருக்கலாம்:

"2021 முதல் 2023 வரை, 4,000 வகைப் பொருட்கள் கொண்ட கிடங்கின் இருப்புக் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக எண்ணிவந்ததை மாற்றி, வேகமாக நகரும் 400 பொருட்களை வாரந்தோறும் எண்ணும் முறையைக் கொண்டுவந்தேன். ஓராண்டில், கணக்கோடு ஒத்துப்போகாத பொருட்கள் நூற்றுக்கு ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைந்தன."

'நுணுக்கமாகப் பணியாற்றுவேன்' என்று இதில் எங்கும் இல்லை. அதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார். எண் கிடைக்காத வேலை என்றால் அடிக்கடித்தன்மையைச் சொல்லலாம்: வாரம் இருமுறை வந்துகொண்டிருந்த புகார் மாதம் ஒன்றானது, மூன்று பேர் சரிபார்த்த அறிக்கையை ஒருவரே முடிக்க முடிந்தது. பழைய நிறுவனத்தின் விற்பனைத் தொகை, வாடிக்கையாளர் பெயர் போன்றவற்றை வெளியிடாமல் விகிதமாக மட்டும் சொல்லுங்கள். அங்கிருந்து ரகசியத்தை எடுத்து வருபவர் இங்கிருந்தும் எடுத்துப்போவார் என்று நினைக்க இடம் கொடுக்கக் கூடாது.

எந்த இரண்டு பத்திகளை எடுப்பது என்பதை விளம்பரமே சொல்லும். பொறுப்புகளின் பட்டியலில் முதல் மூன்று வரிகளையும், இரண்டு இடங்களில் திரும்ப வரும் சொல்லையும் அடிக்கோடிடுங்கள். 'இருந்தால் கூடுதல் நன்மை' என்ற பகுதியை இப்போதைக்கு விட்டுவிடலாம். உங்களுக்கு எது பெருமையோ அதை முன்னால் வைக்கத் தோன்றும். அவர்கள் கேட்டது எதுவோ அதுதான் முன்னால் வர வேண்டும். 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு லியோனார்டோ டா வின்சி அனுப்ப நினைத்த கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. தூக்கிச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவி என்று போருக்கு உதவுவதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் வைத்திருக்கிறார்.

இரண்டு பத்திகளும் வந்தபின் புதிதாக எழுத வேண்டியவை இரண்டே இடங்கள்தான். தொடக்கத்தில் இரண்டு மூன்று வாக்கியங்கள்: பதவியின் பெயர், விளம்பரத்தில் கொடுத்திருந்தால் அதன் எண், கேட்ட முதல் தகுதிக்கும் உங்களுக்கும் உள்ள நேரடித் தொடர்பு. 'மிகுந்த ஆர்வத்துடன் விண்ணப்பிக்கிறேன்' என்ற வரியை எடுத்துவிட்டால் அந்த இடம் இதற்குக் கிடைக்கும். அடுத்தது, 'ஏன் இங்கே' என்ற பத்தி. அந்த நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பையோ, அவர்கள் தொடங்கியிருக்கும் வேலையையோ, விளம்பரத்திலேயே அவர்கள் சொல்லியிருக்கும் சிக்கலையோ பற்றி மூன்று வரி. போட்டி நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்த்தாலும் அந்த வரி அப்படியே பொருந்தினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். முடிவுரை இரண்டு வாக்கியம். எப்போது வேலையில் சேர முடியும் என்பதை விளம்பரம் கேட்டிருந்தால் அதற்கு அங்கே பதில் சொல்லலாம்.

விளம்பரத்தின் சொல்லையே திருப்பிப் பயன்படுத்துங்கள். அவர்கள் 'வாடிக்கையாளர் சேவை' என்றால் நீங்களும் அதையே எழுதுங்கள். 'நுகர்வோர் தொடர்பு' என்று அழகுபடுத்த வேண்டாம். விண்ணப்பங்களைச் சொல் வைத்துத் தேடும் மென்பொருளுக்கும் அது தேவை, அவசரமாகக் கண்ணோட்டுபவருக்கும் தேவை.

சேமிப்பை முதன்முறை உருவாக்க நான்கைந்து மணி நேரம் போகும். அதன்பின் ஒரு கடிதத்துக்கு 20 முதல் 25 நிமிடம்.

பராமரிப்புதான் தீர்மானிக்கிறது

மூன்றையும் ஒரு கடிதத்தில் ஒப்பிட்டால் புதுக் கடிதம் வெல்லும். இருபது கடிதங்களில் ஒப்பிட்டால், எதைப் பிழையில்லாமல் வைத்திருப்பது எளிது என்ற கேள்விதான் மிஞ்சும். கவர் லெட்டரில் ஆளைக் கவிழ்க்கும் பிழைகள் பெரும்பாலும் எழுதும்போது வருவதில்லை, மாற்றும்போது வருகின்றன.

அச்சுக் கடிதத்தில் மாற்ற வேண்டிய இடங்கள் வாக்கியங்களுக்குள்ளே சிதறிக் கிடக்கும். மேலே பெயரை மாற்றியிருப்பீர்கள். மூன்றாவது பத்தியில் பழைய நிறுவனம் உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடமும் ஒன்று உண்டு. வேர்டு ஃபைலைப் பெயர் மாற்றிச் சேமித்தாலும், ஆவணத்தின் பண்புகளில் உள்ள 'தலைப்பு' என்ற கட்டத்தில் பழைய பெயர் அப்படியே இருக்கலாம். பிடிஎஃப் ஆக்கும்போது அதுவும் கூடவே போகும். சில பிடிஎஃப் வாசிப்பான்களும் பிரவுசர்களும் மேலே காட்டுவது ஃபைலின் பெயரை அல்ல, அந்தத் தலைப்பை. கடிதத்தில் ஒரு நிறுவனம், டேப்பில் இன்னொரு நிறுவனம். அனுப்புமுன் பிடிஎஃபை ஒருமுறை பிரவுசரில் திறந்து பாருங்கள்.

கலவைக் கடிதத்தில் இந்த ஆபத்தைத் தவிர்க்க ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: கடைசியாக அனுப்பிய கடிதத்தைத் திறந்து அதன்மேல் எழுதக் கூடாது, எப்போதும் சேமிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். சேமிப்பில் எந்த நிறுவனத்தின் பெயரும் இராது. பெயர் வர வேண்டிய இடத்தில் @@ போன்ற, வேறெங்கும் வராத குறியை வையுங்கள். அனுப்புமுன் அந்தக் குறியைத் தேடினால், மாற்றாமல் விட்ட இடம் உடனே அகப்படும். பழைய நிறுவனத்தின் பெயரை அப்படித் தேடிப்பிடிக்க முடியாது. எந்தப் பெயர் மிச்சமிருக்கிறது என்றே தெரியாதபோது எதைத் தேடுவது?

சேமிப்புப் பத்திகளுக்கும் வயதாகும். 'கடந்த ஆண்டு', 'தற்போது', 'மூன்று ஆண்டுகளாக' ஆகிய மூன்றும் எழுதிய அன்றே கெடத் தொடங்கிவிடும். அவற்றுக்குப் பதில் ஆண்டை எண்ணாகப் போடுங்கள்: '2022 முதல்'. வேலையை விட்டபின் நிகழ்காலத்தில் நிற்கும் வினைகளை இறந்தகாலத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். 'பொறுப்பு வகிக்கிறேன்' என்று கடிதத்திலும் 'மார்ச் வரை' என்று ரெஸ்யூமிலும் இருந்தால் அது மறதியாகத் தெரியாது.

கலவைக்கே உரிய நோய் ஒட்டுத்தையல். 'மேலும்', 'அதேபோல்', 'இதைத் தவிர' என்று தொடங்கும் பத்தியை முதல் இடத்தில் வைத்தால் தையல் பளிச்சென்று தெரியும். சேமிப்பிலுள்ள ஒவ்வொரு பத்தியும் முன்னால் எதுவும் இல்லாமல் தனித்து நிற்கும்படி தொடங்க வேண்டும். தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு தையலும் உண்டு: ஒரு பத்தியில் 'தங்கள் நிறுவனம்', அடுத்ததில் 'உங்கள் நிறுவனம்'. எதுவானாலும் சரி, ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 'நான்' என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் தொடங்கவும் வேண்டாம். வினையின் விகுதியே அதைச் சொல்லிவிடும். பெறுபவர் யாரென்று தெரியாவிட்டால் 'ஐயா' என்று ஊகிப்பதைவிட 'தேர்வுக் குழுவினருக்கு' என்பது பாதுகாப்பு.

இன்னொரு சேதம் எழுத்துருவில் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய சேமிப்பை போர்ட்டலின் கட்டத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக விழும். யூனிகோடில் மட்டுமே சேமியுங்கள். தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. ஆகவே ஒட்டுவதற்கு பிடிஎஃபை எடுக்காமல் மூல ஃபைலை எடுங்கள். ஆங்கிலக் கடிதமானாலும் புள்ளிப் பட்டியலும் தடித்த எழுத்தும் கட்டத்தில் காணாமல் போகும். அவை இல்லாமலும் படிக்கும்படி எழுதியிருந்தால் கவலை இல்லை. மின்னஞ்சலில் அனுப்பும்போது இணைப்பா, உடலிலேயே எழுதுவதா என்ற வாதம் நீளும். விளம்பரம் எதையும் சொல்லாவிட்டால் உடலில் எழுதிவிடுங்கள், திறக்க வேண்டிய ஃபைல் ஒன்று குறையும்.

கலவை தோற்கும் இடங்கள்

துறை மாறுபவருக்குக் கலவை சரிவராது. ஆசிரியராக இருந்தவர் பயிற்சி மென்பொருள் நிறுவனத்துக்குப் போகும்போது, பத்திகள் தனித்தனி ஆதாரமாக நின்றால் பயனில்லை. இந்த வேலை எப்படி அந்த வேலைக்கு அடித்தளமாகிறது என்ற வாதம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட வேண்டும். அதைப் புதிதாகத்தான் எழுத முடியும். விளம்பரமே இல்லாத இடத்துக்கு எழுதும் கடிதம், உள்ளேயே பதவி உயர்வுக்கான கடிதம், தெரிந்தவர் பரிந்துரைத்து அனுப்பும் கடிதம் ஆகியவையும் அப்படியே. பரிந்துரை என்றால் அவர் பெயர் முதல் வாக்கியத்தில் வர வேண்டும், அவர் அனுமதியோடு. விளம்பர எழுத்து, வடிவமைப்பு போன்ற படைப்புத் துறைகளில் கடிதமே ஒரு மாதிரிப் படைப்பாகப் பார்க்கப்படலாம். அங்கே மேலே சொன்ன அளவுகளை அடித்துச் சொல்லத் தயங்குவேன்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதிவாங்குவது நாலாவது வழியா என்றால், என் கணக்கில் அது அச்சுக் கடிதத்தின் வேகமான வடிவம். விவரம் கொடுக்காமல் கேட்டால் எல்லோருக்கும் பொருந்தும் வரிகளையே தரும். சில சமயம் நீங்கள் செய்யாத சாதனையையும் எண்ணோடு சேர்த்துத் தரும். ஆதாரப் பத்திகளை நீங்கள் எழுதிவிட்டு, 'தங்கள்', 'உங்கள்' கலப்பையும் ஒட்டுத்தையலையும் கண்டுபிடிக்க மட்டும் கொடுத்தால் நன்றாகவே வேலை செய்யும்.

சேமிப்பை மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பத்து விண்ணப்பங்களில் ஒருமுறைகூட எடுக்காத பத்தியை ஒதுக்கிவையுங்கள். விளம்பரங்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் உங்களிடம் பத்தி இல்லாத திறன் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்; அடுத்து எழுத வேண்டிய பத்தி அதுதான். எழுத ஆதாரமே கையில் இல்லையென்றால், அந்த வேலைகளுக்கு இப்போதைக்குக் கடிதத்தை எவ்வளவு திருத்தினாலும் பலன் குறைவு.