ஊட்டியில் வாரம் 500 ரூபாய்: மூன்று வருடக் கல்லூரிக் கணக்கு

2023இல் ஊட்டியில் டிகிரி சேர்ந்தேன். சொந்த ஊர் கோபி பக்கம். விடுதியில் இடம் கிடைக்காததால் ஃபிங்கர்போஸ்ட் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் மூன்று பேர் சேர்ந்து தங்கி, சமைத்துச் சாப்பிட்டுப் படித்தோம். இந்த மூன்று வருடமும் ஒரே முறையில்தான் செலவை ஓட்டினேன். புதிதாக இங்கே படிக்க வருகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் வரவு. வீட்டிலிருந்து மாதம் 4000. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000. பையன்களுக்கு இதே தொகை 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கிடைக்கிறது. மொத்தம் 5000. இதில் என் பங்கு வாடகை 2000, கரண்ட்டும் கேஸும் சேர்த்துச் சுமார் 500. மீதி 2500தான் கையில் நிற்கும். அரசுக் கல்லூரி என்பதால் கல்விக் கட்டணம் பெரிய பாரமில்லை. அரிசி வீட்டிலிருந்து வரும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் ஒரு பை அரிசி பஸ்ஸில் என்னோடு மலையேறும்.

இந்த 2500ஐ மாதக் கணக்காக வைத்தால் ஊட்டியில் நிற்காது. இங்கே செலவு தேதியைப் பார்த்து வருவதில்லை. மழையையும் சீசனையும் பார்த்து வருகிறது. அதனால் வாரத்துக்கு 500 என்று பிரித்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் போனில் யுபிஐ லைட்டில் (பின் நம்பர் போடாமல் சின்னத் தொகைகளைச் செலுத்தும் வசதி) 500 ஏற்றுவேன். காய், பால், முட்டை, ஜெராக்ஸ், டீ எல்லாம் அதிலிருந்துதான். ஞாயிறு வரை அது தாங்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாதத்துக்கு நாலு வாரம் என்று எல்லோரும் வாய்க்கணக்குப் போடுகிறோம். வருடத்தில் 52 வாரம் இருக்கிறது. அதனால் நாலு மாதங்களில் ஐந்து திங்கட்கிழமை வந்துவிடும். அந்த மாதங்களில் 2500 முழுக்கப் போய்விடும், ஒரு ரூபாய் மிஞ்சாது. மற்ற எட்டு மாதங்களில் 500 மிஞ்சும். ஆக வருடத்துக்கு 4000. இதை நான் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவேன். அறையில் இதற்கு மழைப் பணம் என்று பெயர். ஏன் மழை என்று கீழே சொல்கிறேன்.

யுபிஐ லைட்டைப் பற்றி. 2022 செப்டம்பரில் வந்தது. நான் தொடங்கியபோது ஒரு முறை 500 வரை அனுப்பலாம், 2000 வரை வைத்துக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அந்த அளவுகளை 1000, 5000 என்று உயர்த்த முடிவு செய்தது. மாணவர் செலவுக்குப் பழைய அளவே தாராளம். பிடித்த விஷயம்: பாஸ்புக்கில் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் என்று வரிவரியாக வராது, வாரத்துக்கு ஒரே ஒரு 500 மட்டும் தெரியும். வாடகைப் பணமும் டீப் பணமும் ஒன்றோடொன்று கலக்காது. பிடிக்காத விஷயம்: பின் நம்பர் கேட்காததால் பணம் கை நழுவுவது தெரியாது. வங்கி விவரத்தில் தனித்தனியாக வராததால் எதற்குப் போனது என்று பிறகு தேடவும் கஷ்டம். அதனால் ஒரு சின்ன நோட்டு கட்டாயம் வேண்டும். ராத்திரி படுக்கும் முன் இரண்டு நிமிடம், பொருளும் விலையும், அவ்வளவுதான். ஆட்டோ டாப்-அப் என்ற வசதியை மட்டும் போட்டுவிடாதீர்கள். தீரத் தீரத் தானே நிரம்பிக்கொண்டால் வார வரம்புக்கு அர்த்தமே இல்லை. போன் மாற்றும்போது லைட்டில் இருக்கும் பணத்தை முதலில் வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும். அப்புறம், பலத்த மழையில் சிக்னல் போய்விடும் என்பதால் நூறு ரூபாய் சில்லறையாகப் பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காய்கறி இங்கே விளைகிறது, அதனால் இங்கே மலிவாக இருக்கும் என்று கீழே இருக்கிறவர்கள் நினைப்பார்கள். பாதிதான் சரி. நீலகிரி உருளைக்கிழங்கும் கேரட்டும் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போய் ஏலமாகிறது. விலையை அங்கேதான் முடிவு செய்கிறார்கள். வெங்காயம், தக்காளி, வாழைப்பழம் எல்லாம் கீழேயிருந்து ஏறி வருகிறது, வண்டி வாடகையோடு. உழவர் சந்தைக்குக் காலையில் போனால் மட்டும் இங்கிலீஷ் காய்கறி நிஜமாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூக்கல், முள்ளங்கி. எங்கள் அறைச் சமையல் இதைச் சுற்றியே நடந்தது. தக்காளி ஏறும் வாரங்களில் புளிக்குழம்பு. ஒரு முறை பீன்ஸ் விலை கேட்டுத் தயங்கி நின்றபோது சந்தையில் ஒரு அம்மா, "இப்ப வேண்டாம் கண்ணு, மழை விடட்டும், அடுத்த வாரம் இறங்கிரும்" என்று சொல்லி நூக்கலை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னபடியே இறங்கியது. விளைவிக்கிறவர்களிடம் நேரில் வாங்குவதில் விலையை விடப் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கேஸ் செலவில் ஊட்டிக்கே உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஊர் சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் உள்ளே அரிசி வேகாது, பருப்பு சுத்தமாக வேகாது. திறந்த பாத்திரத்தில் வடித்துச் சாப்பிட ஆசைப்பட்டால் கேஸ் போய்க்கொண்டே இருக்கும். குக்கர் இல்லாமல் இங்கே குடித்தனமே நடத்த முடியாது. பருப்பையும் கொண்டைக்கடலையையும் முந்தைய ராத்திரியே ஊறவைத்துவிடுவோம். தங்கியிருக்கும் இடத்துக்கு முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு ஐந்து கிலோ சோட்டு சிலிண்டர் வசதி. அடையாள அட்டை காட்டினால் போதும்.

அடுத்தது வெந்நீர். குளிருக்கு நாங்கள் கொடுத்த பெரிய வரி இதுதான். 1500 வாட் ராட் ஒன்று வைத்திருந்தோம். ஒரு பக்கெட் தண்ணீர் குளிக்கிற சூடு வர இருபது நிமிடம், அதாவது அரை யூனிட். மூன்று பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட், மாதத்துக்கு 45. எங்கள் வீட்டில் சப் மீட்டர், அதாவது மாடி அறைக்கு வீட்டுக்காரர் வைத்த தனி மீட்டர், யூனிட்டுக்கு 8 ரூபாய். குளிக்க மட்டுமே 360 ரூபாய்! நான் படித்த காலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், சப் மீட்டரில் இருக்கும் மாணவருக்கு அந்தச் சலுகை வந்து சேருமா என்பது வீட்டுக்காரரைப் பொறுத்தது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, "அக்கா, யூனிட் எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். வாடகையில் நூறு ரூபாய் பேரம் பேசுவதைவிட இந்த ஒரு கேள்வி முக்கியம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் குழாய்த் தண்ணீர் கையை வெட்டும். அப்போது ராட் இன்னும் அதிக நேரம் ஓடும். முடிந்தவரை காலையில் குளிக்காமல் கல்லூரி விட்டு வந்து மதியத்தில் குளித்தோம். தண்ணீர் கொஞ்சமாவது சூடேறியிருக்கும், கரண்ட்டும் மிச்சம்.

இப்போது மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு சுற்று, அக்டோபர், நவம்பரில் இன்னொரு சுற்று. துணி காயவே காயாது. இரண்டு செட் போதும் என்று வருகிறவர்கள் நாலு செட் வாங்க வேண்டிவரும். குடை உடையும், ஷூ ஊறிப் பிய்யும், தோல் பையில் பூஞ்சை பிடிக்கும். சளிக்கு மாத்திரை, அயர்ன் கடைக்குப் பணம். இவை எதுவும் வாரம் 500க்குள் அடங்காது. அடங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சாப்பாட்டில்தான் கை வைப்போம். அதை நான் ஏற்கவே மாட்டேன். மழைப் பணம் இதற்குத்தான். ஸ்வெட்டர், ஜெர்கின் வாங்கவும் அதிலிருந்துதான் எடுப்பேன். தாவரவியல் பூங்கா பக்கத்தில் திபெத்திய மார்க்கெட் இருக்கிறது, பேரம் பேசலாம். 84 நாளுக்கு ஒரு முறை வரும் போன் ரீசார்ஜும் இந்தப் பணத்தில்தான்.

சீசன் வேறு மாதிரி. ஏப்ரல், மே மாதங்களில் ஊர் நம்முடையதாக இருக்காது. மே மாத மலர்க்காட்சி நேரத்தில் கமர்ஷியல் ரோடு பக்கம் டீ குடிக்கவே யோசிக்க வேண்டும். நமக்கோ அது செமஸ்டர் பரீட்சை நேரம். நெரிசலில் பஸ் நகராது; சேரிங்கிராஸிலிருந்து நடந்தே போய்விடலாம். சில வீட்டுக்காரர்கள் அந்த இரண்டு மாதம் அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட நினைப்பார்கள். எங்களையும் ஒரு முறை காலி செய்யச் சொல்லிப் பேச்சு வந்தது; பரீட்சை முடியும் வரை இருந்துகொள்ளச் சம்மதித்தார்கள். பேசும்போதே வருடம் முழுக்க என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். வீட்டிலிருந்து யாராவது காரில் பார்க்க வருவதென்றால் முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள். அரசு பஸ்ஸில் வந்தால் அந்த வேலை இல்லை.

சீசனில் வருமானமும் உண்டு. சாக்லேட் கடைகளிலும் ஹோட்டல்களிலும் சனி, ஞாயிறுக்கு ஆள் எடுப்பார்கள். நானும் போனேன். அந்தப் பணத்தை வாரக் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை, முழுக்க மழைப் பணத்துக்குத்தான் போனது. இல்லாவிட்டால் மே மாதத்துக்குப் பழகிய கை ஜூலையில் தவித்துப்போகும்.

பஸ் செலவில் மட்டும் எனக்குப் பெரிய விடுதலை கிடைத்தது. சமவெளியில் 2021 முதலே சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மலைப்பகுதிக்கு அது 2024இல்தான் வந்தது. அதற்கு முன் கல்லூரிக்குப் போய்வரும் செலவு நோட்டில் தினமும் ஒரு வரி. வந்த பிறகு அந்த வரி காணாமல் போய், அதே இடத்தில் முட்டை வந்தது. ஒரு அரசு உத்தரவு ஒரு மாணவியின் தட்டில் முட்டையாக மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் இதைப் பற்றி யார் குறைவாகப் பேசினாலும் எனக்குக் கோபம் வரும்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறது, ஊருக்குள் வாட்டர் ஏடிஎம் இருக்கிறது. டீயோடு வர்க்கி (ஊட்டி பேக்கரிகளில் கிடைக்கும் மொறுமொறுப்பான பண்டம்) சாப்பிடுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. வாரத்தில் ஒரு நாள் மூன்று பேரும் போவோம், அது 500க்குள்ளேயே முதலில் எடுத்து வைத்த பணம்.

யாருக்கு இது ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். அறையில் சமைக்க அனுமதி இல்லாதவர்களுக்கு வாரம் 500 நடக்காது. மெஸ் கணக்கு தனியாகப் போட்டு, மீதிக்கு மட்டும் வார வரம்பு வைக்கலாம். அரிசி வீட்டிலிருந்து வராதவர்களும் அந்தப் பணத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூனில் சேர வருகிறவர்கள் குக்கர், ரெயின்கோட், ரப்பர் செருப்பு, கனமான போர்வை நாலையும் ஊரிலேயே வாங்கி வாருங்கள். முதல் மாதத்தில் இங்கே வாங்க ஆரம்பித்தால் மழைப் பணம் சேர்வதற்கு முன்பே மழை வந்துவிடும்.