சேற்றுச் சரிவிலும் ஏறும் எரு டிரெய்லர்: இரண்டு போகம் ஓட்டிய அனுபவம்

கேத்தி பாலடா பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர், கேரட்டும் உருளைக்கிழங்கும். பல்லடத்திலிருந்து வரும் கோழி எருவை லாரிக்காரர் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து பாத்தி வரைக்கும் தலைச்சுமைதான். ஆள் கிடைக்காமல் போன வருஷம் பாதி எரு மழையில் கரைந்து ஓடையில் போனது, வயிறு எரிந்தது. அதனால்தான் கோவையில் ஒரு பட்டறையில் சொல்லி, சக்கரத்துக்கும் டிரைவ் வைத்த இந்த எரு இறைக்கும் டிரெய்லரைச் செய்யச் சொன்னேன்.

சாதாரண டிரெய்லர் இங்கே ஏன் ஆகாது என்றால், எங்கள் 28 எச்.பி. டிராக்டருக்கு எடை போதாது. நனைந்த செம்மண்ணில் அது சுற்றிக்கொண்டே நிற்கும், பின்னால் இருக்கும் சுமை கீழே இழுக்கும். இதில் பி.டி.ஓ. ஷாப்ட் (டிராக்டரின் பின்பக்கம் சுற்றி, கருவிகளுக்குச் சக்தி கொடுக்கும் தண்டு) டிரெய்லரின் ஆக்ஸிலையும் சுழற்றுகிறது, அதனால் எருவின் எடையே சக்கரத்துக்குப் பிடிப்பாகிவிடுகிறது. ஜூலை மழையில் ஒன்றரை டன்னோடு மேலே ஏறியதைப் பார்த்து அப்பா கைதட்டினார்.

ஆனால் ஒன்று, நிமிடத்துக்கு 540 சுற்று என்ற சாதாரண பி.டி.ஓ. மட்டும் உள்ள டிராக்டருக்கு இதை வாங்காதீர்கள். அது எஞ்சின் வேகத்தில் சுற்றுவது, கியர் மாற்றினால் டிராக்டர் சக்கரமும் டிரெய்லர் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். சக்கரம் உருளும் கணக்கில் சுற்றும் ஜி.எஸ்.பி.டி.ஓ. (கிரவுண்ட் ஸ்பீட் பி.டி.ஓ.) கட்டாயம் வேண்டும்.

பட்டறைக்காரர்கள் முதலில் டிரெய்லர் சக்கரத்தின் கியர் விகிதத்தை உத்தேசமாக வைத்துவிட்டார்கள், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. டிரெய்லர் சக்கரம் வேகமாக ஓடி, சரிவு வளைவில் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளியது. ஓட்டியது என் தம்பி. மூன்றாவது வாரம் ஷாப்டின் கிராஸ் (மடங்கும் மூட்டில் உள்ள சிலுவை வடிவத் துண்டு) உடைந்தது. அப்புறம் நானே டிராக்டரின் பின்டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு சுற்றுக்கு பி.டி.ஓ. எத்தனை சுற்று என்று எண்ணி, டிராக்டர் டயர், டிரெய்லர் டயர் இரண்டின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து கொடுத்தேன். அதன்படி பல்சக்கரம் மாற்றினார்கள், காசு வாங்கவில்லை. டயர் தேய்ந்து வேறு அளவில் போட்டால் இந்தக் கணக்கு திரும்பவும் மாறும். தார் ரோட்டில் டிரைவைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள், அங்கே சக்கரம் வழுக்க இடமில்லை, எல்லா அழுத்தமும் கிராஸில்தான் போய் உட்காரும்.

எனக்கு மிகவும் பிடித்தது எருவைப் பின்னால் நகர்த்தும் அடித்தளச் சங்கிலி. அதுவும் அதே டிரைவில் ஓடுவதால் வண்டி மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் நிலத்தில் விழும் எரு ஒரே அளவு. கேரட் பாத்தியில் திட்டுத்திட்டாக எரு விழுந்தால் கிழங்கு கிளை பிரிந்து கவைத்துப் போவது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இந்தக் கார் போகத்தில் அது நன்றாகக் குறைந்தது.

இறைக்கும் உருளைக்குத் தனி ஹைட்ராலிக் மோட்டார். ஈர எரு கட்டியாக இருந்தால் சின்ன டிராக்டரின் பம்பு திணறும், ஒரு வாரம் உலரவிட்டே ஏற்றுகிறேன். குறுகிய படிக்கட்டு வயலில் திரும்பவே முடியாது, அங்கே இன்றும் கூடைதான்.

செய்யச் சொல்பவர்கள் பக்கப் பலகையைத் தாழ்வாகவும் சக்கர இடைவெளியை அகலமாகவும் கேளுங்கள். என்னுடையது உயரம் அதிகம், குறுக்குச் சரிவில் பாதிச் சுமைக்கு மேல் ஏற்றுவதில்லை.